கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம்

விடியக்காலம் மூன்றரை மணிக்குப் புனலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். ஆனி மாதம். தென்காசியில் சாரல்தான் விழுந்துகொண்டிருந்தது. புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசலைத் தாண்டி, ஆரியங்காவில் இறங்கியதுமே அடைமழை. நாங்கள் மூன்று பேர்: ஒரு ஏட்டையா, நான், என்னைவிட இளையவன் ஒருவன். கையில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், மேலதிகாரியின் உத்தரவு, மூன்று பேர் பெயருக்கும் போட்ட வெளியூர் டூட்டிச் சீட்டு. போலீஸ் பேச்சில் அந்தச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் என்று பெயர். 1994-ஆம் வருஷம் அது. நான் திருச்செந்தூர் சப்டிவிஷன் க்ரைம் டீமில் இருந்தேன்.

உடன்குடி வியாபாரி ஒருவர் கொட்டாரக்கரைக்கு ஒரு லோடு கருப்பட்டி அனுப்பியிருந்தார். 200 ஓலைப்பெட்டிக்கு மேல் இருக்கும். லாரி போய்ச் சேரவில்லை. டிரைவர் வழியிலேயே சரக்கை விற்றுவிட்டு, லாரியைச் செங்கோட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 407-ஆவது பிரிவு. ஏற்றிப் போகிறவன் செய்யும் நம்பிக்கை மோசடி. வாங்கினவன் புனலூர் மார்க்கெட்டில் இருக்கிறான் என்று ஒரு கிளீனர் பையன் சொன்னதுதான் எங்களிடம் இருந்த ஒரே துப்பு.

எனக்கு ஒரே பரபரப்பு. மார்க்கெட் நாலு மணிக்கே திறந்துவிடும், சரக்கு கைமாறிவிடும், இப்போதே போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். ஏட்டையா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

“டீ குடிப்போம். குடிச்சிட்டு நேரா ஸ்டேஷன். மார்க்கெட் இருக்கிற திசைப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது, கேட்டியா? இந்த ஊர்ல நீ போலீஸ் இல்லலே. அவங்க டைரியில உன் பேர் ஏறுனாத்தான் நீ போலீஸ்.”

33 வருஷ சர்வீஸில் எத்தனையோ டிரெய்னிங் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிமாநில வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டீக்கடை வாசலில் கற்றுக்கொண்டதுதான்.

ஸ்டேஷனில் ஜி.டி. சார்ஜ், அதாவது ஜெனரல் டைரிப் பொறுப்பு, என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஊர் ஸ்டேஷனில் ரைட்டர் பார்க்கிற வேலையில் பாதியும், பாரா நிற்கிறவர் வேலையில் பாதியும் அவர் தலையில். ஏட்டையா சல்யூட் அடித்து, பாஸ்போர்ட்டை மேசைமேல் விரித்து வைத்தார். அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் பெயர், நம்பர், வந்த நேரம், எதற்கு வந்தோம் என்று மலையாளத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் ஏட்டையா, “எழுதினதை ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க சாரே” என்று கேட்டார். அவர் வாசித்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் காதில் விழுந்தது புரிந்தது. நேரம் 4.10. அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் மழையில் நனைந்து வந்த மூன்று அந்நியர்கள் இல்லை.

ஏழு மணிக்கு அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. வந்தார். விஷயத்தைக் கேட்டார். “கருப்பட்டியா? இந்த மழையில் அதை மார்க்கெட்டில் எவனும் வைத்திருக்க மாட்டான்” என்றார். நாங்கள் மூன்று நாள் மார்க்கெட்டைச் சுற்றியிருந்தாலும் இந்த ஒரு வார்த்தை எங்களுக்குக் கிடைத்திருக்காது. கருப்பட்டி ஈரம் பட்டால் கசியும். எங்கள் ஊர் வீடுகளில் அதை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பார்கள். புனலூரில் மழைக்காலத்தில் புகையும் சூடும் இருக்கிற இடம் தேங்காய் உலர்த்துகிற கொப்பரைப் புரைதான். ஊரைச் சுற்றி இப்படி ஆறேழு புரை இருந்தது. நாலாவது புரையின் கதவைத் திறந்ததும் எனக்கு எங்கள் வீட்டு அடுக்களை வாசனை வந்தது.

சரக்கு நம்முடையதுதான் என்று எப்படிச் சொல்வது? கருப்பட்டியில் பெயரா எழுதியிருக்கிறது? எல்லாம் சிரட்டையில் வார்த்த அரைவட்டம்தான். வியாபாரியையும், அவர் கிட்டங்கியில் பெட்டி பொத்துகிற அம்மாளையும் மறுநாள் வரவழைத்தோம். அந்த அம்மாள் ஒரு பெட்டியைத் தூக்கி முடிச்சைத் தடவிப் பார்த்தார். “இது என் கட்டுய்யா” என்றார். அவர் இடக்கைக்காரி. பனைநாரில் அவர் போடுகிற முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக விழும். அந்த எஸ்.ஐ. பத்துப் பெட்டியை எடுத்து வரிசையாக வைத்து, நாலு பெட்டியை வேறு ஒருவரைக் கட்டச் சொல்லிக் கலந்து வைத்து, அந்த அம்மாளைத் திரும்பவும் பார்க்கச் சொன்னார். ஒன்றுகூடப் பிசகவில்லை. மகஸரில் அந்த முடிச்சு எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக்கூட ஒரு வரி எழுதினார். உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சரக்கைக் கோர்ட்டில் காட்டுகிறவரைக்கும் ஸ்டேஷன் வராந்தாவில் போட்டால் பாகாகிவிடும் என்று நான் சொன்னபோது, அதே புரைக்காரரிடம் பொறுப்பு எழுதி வாங்கிக்கொண்டு அங்கேயே வைக்கச் சொன்னார். அவருக்கு இதில் என்ன ஆதாயம்? கேஸ் எங்களுடையது. கண்டுபிடித்த பெயரும் எங்கள் ஸ்டேஷனுக்குத்தான். கேரளத்துக் குற்றப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளுக்கு ஒரு வரி வரவு கிடையாது.

எங்கள் தாத்தா காலத்தில் எல்லை வேறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டையும் நாகர்கோவிலும் அந்தப் பக்கம். ராஜா காலத்தில் ஆரல்வாய்மொழியில் சுங்கச்சாவடி இருந்தது. உடன்குடியிலிருந்து கருவாடும் கருப்பட்டியும் ஏற்றிக்கொண்டு வண்டி கட்டிப் போகிறவர்கள் அங்கே தீர்வை கட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று தாத்தா சொல்வார். அன்றைக்கு அந்தப் பக்கம் வேறு அரசு, வேறு சட்டம். இன்றைக்குச் சட்டம் ஒன்றுதான், காக்கியும் ஒன்றுதான். ஆனால் போலீஸ் என்பது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இரண்டாவது இனமாக இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் போலீஸ். குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு அனுமதி கொடுத்தது. வாரண்ட் கையில் இருந்தால், அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமோ ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியிடமோ கொடுத்து அதன்மேல் எழுதி வாங்க வேண்டும் என்று 79-ஆவது பிரிவு சொன்னது. பிடித்த பிறகு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது. இது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, விஷயம் மாறவில்லை.

இந்தப் “பயண நேரம் சேராது” என்ற வார்த்தைக்குள்தான் நிறையத் தப்பு நடந்திருக்கிறது. ஒரு தப்பில் நானும் இருந்தேன். அதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

1998. ஒரு வீட்டு நகைத் திருட்டு. ஆள் வடக்கே ஒரு மாநிலத்துச் சிற்றூர்க்காரன் என்று தெரிந்தது. எந்த மாநிலம், எந்த ஊர், டீமுக்கு யார் தலைமை என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு இரவு ரயிலில் போய் இறங்கினோம். “லோக்கல் ஸ்டேஷனில் சொன்னால் விஷயம் வெளியே போய்விடும், ஆள் பறந்துவிடுவான்” என்றார் எங்களைக் கூட்டிப் போனவர். அந்தப் பயம் பொய்யான பயமில்லை. அப்படி நடந்தும் இருக்கிறது. ஸ்டேஷனில் டீ கொண்டுவருகிற பையன் காதில் விழுந்த பெயர், அரை மணி நேரத்தில் அந்தப் பெயர்க்காரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கதை எங்கள் ஊரிலேயே உண்டு. ஆகவே நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வாடகை ஜீப் பிடித்து, விடியுமுன்னே தெருவுக்குள் நுழைந்து, பெயர் கேட்டு, அப்பா பெயர் கேட்டு, இரண்டும் ஒத்துவந்ததும் ஆளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்துவிட்டோம்.

அவனுடைய அம்மா ஒரு துணியில் என்னத்தையோ முடிந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ரொட்டியாக இருக்க வேண்டும். ஜீப் நிற்கவில்லை. நான் பின் சீட்டில் இருந்தேன். ஓடி ஓடி அந்தத் தெரு முனையில் அவர் நின்றதை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு இரவு ரயில். கையில் விலங்கு, அதன்மேல் துண்டு. யாருக்கும் தெரியக் கூடாதாம். பெட்டி முழுக்கத் தெரிந்தது. ஊர் வந்து சேர்ந்தோம். திருட்டு நடந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டியபோது, அந்தப் பெண் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “இவர் இல்லை” என்றாள். கைரேகையும் ஒத்துவரவில்லை. அதே தெருவில் அதே பெயரில் இன்னொருவன் இருந்திருக்கிறான். அப்பாக்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அந்த ஊர் ஸ்டேஷனில் ஜி.டி. எழுதுகிற ஒரு மனிதரிடம் கேட்டிருந்தால், “எந்த ஆள் வேணும்? மூத்தவனா, தறிக்காரனா?” என்று கேட்டிருப்பார். அவ்வளவுதான்.

அவனைத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குக் கூட்டிப் போய் டிக்கெட் எடுத்து ஏற்றிவிடச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவன் என்னைத் திட்டவில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்ச ஹிந்தியில் புரிந்தது ஒரே ஒரு கேள்வி: “அம்மாவுக்குச் சொல்லியாச்சா?”

சொல்லவில்லை. டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கைது செய்த நேரத்தையும் இடத்தையும் எழுதி, வீட்டாரோ அந்த வட்டாரத்து மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் வெளியூரில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஸ்டேஷன் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போர்டாக மாட்டியிருந்தோம். ஜங்ஷனிலிருந்து நான் என் கைக்காசில் ஒரு தந்தி கொடுத்தேன், மகன் வருகிறான் என்று. பிடித்து நாலு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நான் தலைமை தாங்கிப் போன எந்த டீமும் ஸ்டேஷனில் சொல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. விஷயம் வெளியே போகாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தேன். போனதும் ஸ்டேஷனில் ரிப்போர்ட் செய்துவிடுவது. எந்த வழக்கு, எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்பதை ஜி.டி.யில் ஏற்றிவிடுவது. ஆளின் பெயரை மட்டும் அந்த இன்ஸ்பெக்டரின் காதில் தனியாகச் சொல்வது. அதையும் கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால். ஒளிப்பதாக நினைத்து யாரும் என்னிடம் கோபித்ததில்லை. அவர்களும் போலீஸ்தானே, அவர்களுக்கும் டீ கொண்டுவரும் பையன் இருக்கிறான்.

2019-இல் டெல்லி ஹைகோர்ட் சந்தீப் குமார் வழக்கில் இதையெல்லாம் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொன்னது. மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி, போவதற்கு முன் அந்த ஊர் ஸ்டேஷனைத் தொடர்புகொள்வது, திரும்பும்போது மறுபடி அதே ஸ்டேஷனுக்குப் போய் யாரைக் கூட்டிப்போகிறோம், என்ன பொருள் எடுத்தோம் என்று டைரியில் பதிவது, பிடித்தவரை நம் ஊருக்குக் கொண்டுவரப் பக்கத்து மாஜிஸ்திரேட்டிடம் டிரான்ஸிட் ரிமாண்ட் வாங்கப் பார்ப்பது, பிடிபட்டவர் வக்கீலைப் பார்க்க வாய்ப்புக் கொடுப்பது. வாசித்தபோது எனக்கு எங்கள் ஏட்டையா நினைவுதான் வந்தது. அவர் எட்டாம் வகுப்பு.

இந்த வேலையில் உயிரும் போகும். 2017 டிசம்பர் 13-ஆம் தேதி ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்தில் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். சென்னை கொளத்தூரில் நகைக்கடையின் மேல்தளத்தைத் துளைத்துக் கொள்ளையடித்தவர்களைத் தேடிப் போன டீம். அவர் மதுரவாயல் இன்ஸ்பெக்டர். பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், அன்றைய நெல்லை மாவட்டம். இரவு நேரம், தெரியாத ஊர், எதிரே கூட்டம். பின்னால் நடந்த விசாரணையில், கைகலப்பில் உடன்போன அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த குண்டு என்று ராஜஸ்தான் போலீஸ் சொன்னது. அவர் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் காக்கி போட்டவன் ஒருவனும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான். இருட்டில் எந்தச் சந்து எங்கே போகிறது என்று தெரியாமல் நான் நின்ற இரவுகள் எத்தனையோ. அந்த ஊர்க் கான்ஸ்டபிள் ஒருவன் கூட இருந்து, “இந்தப் பக்கம் வாங்க சார், அது முட்டுச்சந்து” என்று கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தவன் நான்.

2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். என் ரேங்க். எங்கள் திருநெல்வேலிச் சரகம். அந்தச் சாவடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்திலேயே கேரளம். அன்றிரவே இரண்டு மாநிலமும் சேர்ந்து தேடின. ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்து உடுப்பியில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். சுட்ட துப்பாக்கி எர்ணாகுளத்தில் ஒரு சாக்கடையிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்று மாநிலத்துப் போலீஸ், ஒரு வாரம். தன் ஆள் செத்தால் இவ்வளவு வேகம் வருமா, உடன்குடிக் கிழவியின் தாலிச் சங்கிலிக்கு வராதா என்று யாராவது கேட்டால், கேட்பது நியாயம். வந்திருக்க வேண்டும்.

மொழி இன்னொரு மலை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் வீட்டில் புகுந்து அவரைக் கொன்ற பவாரியா கும்பலைப் பிடிக்கப் போன தனிப்படைக்குத் தலைமை வகித்தவர் ஐ.ஜி. ஜாங்கிட். அவருக்குச் சொந்த ஊர் ராஜஸ்தான். தமிழ்நாட்டுப் போலீஸில் இருந்துகொண்டு வடக்கே போய் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசக்கூடிய ஒருவர் தலைமையில் இருந்தது எவ்வளவு பெரிய பலம் என்று, சரியாக ஹிந்தி தெரியாமல் போய் நின்ற என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். மலையாளம் நமக்குப் பாதி புரியும். ஆனால் அந்தப் பாதியில்தான் ஆபத்து. “அவன் போயி” என்று அவர்கள் சொன்னால் போய்விட்டான் என்று அர்த்தம். போய்க்கொண்டிருக்கிறான் என்று நினைத்துப் பின்னால் ஓடியவர்களை எனக்குத் தெரியும். வாக்குமூலம், மகஸர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொல்லி, நான் புரிந்துகொண்டதை என் வாயால் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்வேன். ஏட்டையா கேட்டதைப் போலவே.

இப்போது வேலை சுலபமாகிவிட்டது என்கிறார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் போகிறது. சி.சி.டி.என்.எஸ். வந்து எந்த ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆரும் கம்ப்யூட்டரில் தெரிகிறது. சைபர் மோசடி என்றால் 1930-க்குப் போன் செய்தால் பணம் போன கணக்கை முடக்கப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முடக்கிய கணக்கு யாருடையது என்று பார்க்க யாராவது ஒரு கான்ஸ்டபிள் ஏதோ ஒரு ஊருக்குப் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். 2024 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் கோடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்களே, அந்த நாற்றத்தை நான் போய்ப் பார்த்தேன். ஊசி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, நோயாளிகளின் பெயர் போட்ட காகிதங்கள். சுத்தமல்லிப் போலீஸ் வழக்குப் போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 3 நாளில் எடுத்துப் போகச் சொல்லி உத்தரவு போட்டது. கேரளத்து அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளினது சரி. அது எல்லைச் சாவடியைத் தாண்டும்போதே ஏன் நிற்கவில்லை? நம் பக்கத்துச் சாவடியில் இரவு நிற்கிறவனும், அந்தப் பக்கத்துச் சாவடியில் நிற்கிறவனும் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்திருந்தால் பாதி லாரி திரும்பியிருக்கும். தேர்தல் நேரத்தில் மட்டும் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள், பிடிவாரண்டுப் பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள், சாராயத்துக்கும் பணத்துக்கும் கூட்டுச் சோதனை போடுகிறார்கள். அந்தச் சந்திப்பைத் தேர்தல் இல்லாத மாதங்களிலும் நடத்துங்கள் என்பதை நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போதும் சொல்கிறேன்.

2013 தசராவில் அவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு ஏ.எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும். குலசேகரன்பட்டினம் ஸ்டேஷனில் வந்து முறைப்படி வாரண்டைக் கொடுத்தார்கள். உடன்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அங்கே ஹோட்டல் வேலைக்குப் போன இடத்தில் அடிதடி, ஒருவருக்கு எலும்பு முறிவு; ஜாமீனில் வந்தவன் கோர்ட்டுக்குப் போகவில்லை. வெளியூரில் இருக்கிற எங்கள் ஊர்க்காரன் வேறு எதற்கு வராவிட்டாலும் முத்தாரம்மன் தசராவுக்கு வந்துவிடுவான். அது அந்த ஏ.எஸ்.ஐ.க்கும் தெரிந்திருந்தது.

தசரா பந்தோபஸ்துக்கு அங்கே போட்டிருந்ததால் என்னைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பையனை நான் கண்டுபிடித்துவிட்டேன். தசரா குழு ஒன்றில் காளி வேஷம் கட்டியிருந்தான். ஜடாமுடி, கிரீடம், பின்னால் மரக்கைகள், வாயில் வீரப்பல், கையில் சூலம். காளி வேஷக்காரர்கள் நாற்பது நாளுக்குக் குறையாமல் விரதம் இருந்து, கொடியேறியதும் கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள். ஊரே காலில் விழுந்து திருநீறு வாங்குகிறது. கேரளத்து இளைய போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் ஏ.எஸ்.ஐ.யின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சார், நான் சொல்றதைக் கேளுங்க. காப்புக் கட்டுன கையில இப்ப விலங்கு போட்டா, இங்க நிக்கிற ஜனங்க அதை ஒரு மனுஷன் மேல கை வச்சதா எடுத்துக்க மாட்டாங்க. நாளைக்கு ராத்திரி சூரசம்ஹாரம். மறுநாள் காப்புக் களைஞ்சிருவான். அதுவரைக்கும் அவன் எங்கயும் போக மாட்டான். விரதக்காரன் ஓட மாட்டான் சார். அதுக்கு நான் பொறுப்பு.”

அந்தப் பொறுப்பை எந்தச் சட்டப் பிரிவிலும் எழுத முடியாது. பத்து லட்சம் பேர் கூடுகிற கடற்கரை. ஆள் தவறினால் என் பெயர் இரண்டு மாநிலத்திலும் கெடும். ஏ.எஸ்.ஐ. கொஞ்ச நேரம் அந்தக் காளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் வருஷா வருஷம் மலைக்கு மாலை போடுகிறவர் என்று பிறகு சொன்னார். “சாரே, இவிடெ நிங்ஙள் பறயும் போலெ” என்றார்.

இரண்டு இரவும் தூங்கவில்லை. மப்டியில் ஆள்மாற்றி ஆள் பத்தடி தூரத்தில் நின்றோம். சம்ஹாரம் முடிந்து, மகிஷன் தலை விழுந்து, கடற்கரை முழுக்க வேஷக்காரர்கள் கூட்டமாகக் கலைந்த நேரத்தில் ஒரு ஐந்து நிமிஷம் அவனைக் காணவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. பிறகு பார்த்தால், கடலோரம் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காளி சின்னப் பிள்ளை மாதிரிக் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காப்புக் களைந்து, கடலில் குளித்து, வேட்டி சட்டையில் வந்தவனைக் குழுத் தலைவரைக் கொண்டே ஓரமாகக் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் மறுக்கவில்லை. விலங்கு வேண்டாம் என்று ஏ.எஸ்.ஐ.யே சொல்லிவிட்டார். ஸ்டேஷனுக்கு வந்து வாரண்டின் பின்னால் எழுதி, எங்கள் ஜி.டி.யில் நேரத்தோடு பதிந்தோம். அம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். அந்த அம்மாள் வந்து உட்கார்ந்ததும், கைதுக் குறிப்பை நான் அவருக்குத் தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். என்ன வழக்கு, எந்தக் கோர்ட், எந்த ஊர் ஜெயிலில் வைப்பார்கள், திருநெல்வேலியிலிருந்து எந்த பஸ், ஸ்டேஷன் போன் நம்பர் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் கைநாட்டு வைத்தார்.

ஜீப் கிளம்புகிற நேரத்தில், “எய்யா, ஒரு நிமிஷம்” என்று எழுந்து வெளியே ஓடினார். டிரைவர் ஏற்கெனவே கியர் போட்டிருந்தார். “நிறுத்தச் சொல்லுங்க சார்” என்று நான் கத்திவிட்டேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏ.எஸ்.ஐ. டிரைவர் தோளில் கை வைத்தார். எதிர்க்கடையிலிருந்து அந்த அம்மாள் ஒரு துணி முடிச்சோடு வந்தார். நாலு கருப்பட்டி, கொஞ்சம் அவல். பிரித்துக் காட்டச் சொன்னோம், காட்டினார். ஏ.எஸ்.ஐ. அதை வாங்கி, திரும்பவும் முடிந்து, பின் சீட்டுக்குக் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.